மானியப் பட்டியலில் எங்கள் பாத்திக்கும் ஓர் இடம் கொடுங்கள்

வேளாண்மைப் பொறியியல் துறை, தோட்டக்கலைத் துறை அலுவலர்களுக்கும், கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பண்ணைக் கருவிகளை உருவாக்குபவர்களுக்கும் ஒரு காய்கறி விவசாயி எழுதும் திறந்த மடல்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் அனுப்பும் சிறு விவசாயிகளில் நானும் ஒருவன். இரண்டு ஏக்கருக்கு உட்பட்ட நிலம். சின்ன வெங்காயம், தக்காளி, மிளகாய், இடையில் கத்தரி, வெண்டை என்று பட்டத்துக்கு ஏற்ற மாதிரி வைக்கிறோம். விலை இல்லை, தண்ணீர் இல்லை என்று உங்களுக்கு வரும் மனுக்கள் நிறைய. இந்த மடல் களையைப் பற்றியது. காய்கறியில், அதிலும் வெங்காயத்தில், பணமும் உடம்பும் அதிகம் கரையும் இடம் களையெடுப்புதான். ஆனால் கருவி வாங்க அரசு கொடுக்கும் உதவி இந்த வேலைக்குத்தான் சரியாக வந்து சேரவில்லை.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். களைக்கருவிகளுக்கு மானியப் பட்டியல் போடும்போது எத்தனை குதிரைத்திறன் என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தக் கருவி எத்தனை அங்குல இடைவெளியில் நுழையும் என்று பாருங்கள். எஞ்சின் இல்லாத, தள்ளி ஓட்டும் கருவிகளையும் அதே மரியாதையோடு பட்டியலில் சேருங்கள். வாங்குவதற்கு முன்னால் எங்கள் காட்டில், எங்கள் பயிரில் ஓட்டிப் பார்க்க வழி செய்யுங்கள்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயிக்குச் சராசரியாக 0.75 ஹெக்டேர்தான், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. விவசாயிகளில் 93 சதவீதம் பேர் சிறு, குறு விவசாயிகள். இந்த இரண்டு ஏக்கரும் ஒரே துண்டாக இருப்பதில்லை. இருபது செண்ட் ஒரு பக்கம், முப்பது செண்ட் கிணற்றுக்கு அந்தப் பக்கம், நடுவில் வரப்பு, வாய்க்கால், தென்னை. 2014-15 முதல் நடக்கும் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்று மானியம் கிடைக்கிறது. அரசின் உழவன் செயலியில் பதிவு செய்ய முடிகிறது. இதையெல்லாம் நன்றியோடுதான் சொல்கிறேன். இந்த உதவியில் பவர் டில்லர் வாங்கி, உழவுக்கு யாரையும் எதிர்பார்க்காமல் நிமிர்ந்த குடும்பங்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. உழவுக்கு உதவிய அதே பட்டியல் களையெடுப்புக்கு உதவவில்லை என்பதுதான் என் முறையீடு.

சின்ன வெங்காயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை அடி, அதாவது 45 செ.மீ. இடைவெளியில் பார், அதாவது நீள மண்மேடு, பிடித்து, பாரின் இரண்டு சரிவிலும் 10 செ.மீ.க்கு ஒரு விதைக்காய் ஊன்றுகிறோம். பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் இதுதான். வெங்காயத் தாள் குழாய் மாதிரி நேராக மேலே போகும், மண்ணுக்கு நிழலே தராது. தக்காளியும் தட்டைப்பயறும் ஒரு மாதத்தில் படர்ந்து களையை அமுக்கிவிடும். வெங்காயம் கடைசி வரை அமுக்காது. வேரும் மேலாகவே ஓடும், ஆழத்தில் போய்ப் போட்டி போடாது. எழுபது நாள் பயிரில் முதல் நாற்பது, நாற்பத்தைந்து நாள் களைக்கு விட்டுக்கொடுத்தால் காய் கோலி அளவைத் தாண்டாது.

அந்தப் பாரில் ஏழு குதிரைத்திறன் பவர் வீடரை, அதாவது எஞ்சின் வைத்த களையெடுக்கும் இயந்திரத்தை, இறக்கினால் என்ன ஆகும் என்று வந்து பாருங்கள். சக்கரம் இரண்டு பாருக்கு இடையே உள்ள சாலுக்குள் இறங்கும், பிளேடு பாரின் இரண்டு தோளையும் சீவும். மண் சரிந்த இடத்தில் காய் வெளியே தெரியும், வெயில் பட்டுப் பச்சையாகும். களை எங்கே இருக்கிறதோ, அதாவது தாளுக்கும் தாளுக்கும் நடுவே, அங்கே பிளேடு போகவே போகாது. ஆகவே இயந்திரம் போன பிறகும் ஆள் உட்கார வேண்டும்.

உட்காரும் ஆள் யார் என்பது உங்களுக்குத் தெரியும். குத்துக்காலிட்டு, இடது கையின் இரண்டு விரலால் வெங்காயத் தாளை ஒதுக்கிப் பிடித்து, வலது கையில் உள்ள ஒரு சாண் களைக்கொத்தால் தாளின் அடியை ஒட்டி ஒரு கீறு. சாரணைக் களை பிஞ்சாக இருந்தால் அதிலேயே வந்துவிடும். பூவெடுத்த சாரணை என்றால் வேரோடு பிடித்து இழுக்க வேண்டும், அப்போது பக்கத்துக் காயும் சேர்ந்து ஆடும். காலை எட்டு மணிக்குக் காட்டில் இறங்கும் அக்கா மத்தியானம் எழும்போது இரண்டு கையையும் முட்டியில் ஊன்றித்தான் எழுகிறார். கூலி 300, 400 என்று கொடுத்தாலும் நாற்பது வயதுக்குக் கீழே இந்த வேலைக்கு வருகிறவர்கள் அரிது. வருகிறவர்களுக்கு ஒரே நேரத்தில் பத்துக் காட்டில் வேலை இருக்கிறது. இன்றைக்கு எடுக்க வேண்டிய களையைப் பத்து நாள் கழித்து எடுத்தால் கூலி ஒன்றரை மடங்காகிறது, விளைச்சலும் அதற்குள் குறைந்துபோயிருக்கிறது.

மானியத்தில் கொடுத்த பண்ணைக் கருவிகள் தொகுப்பு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். கடப்பாரை, இரும்புச் சட்டி, மண்வெட்டி, அரிவாள், களைக்கொத்து. நல்ல இரும்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் களைக்கொத்தும் எங்கள் பாட்டி பிடித்த அதே குட்டைப் பிடி. அதற்குப் பதிலாக நெஞ்சு உயரப் பிடியும், மண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே படுத்தபடி முன்னும் பின்னும் அறுக்கும் மெல்லிய கத்தியும் உள்ள ஒரு கருவியை வைத்திருந்தால், அந்த அக்காவின் இடுப்புக்கும் முட்டிக்கும் எத்தனை வருடம் கூடும்!

இந்தக் கருவிகள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவையும் இல்லை. நட்சத்திரச் சக்கரம் வைத்த களைக்கருவி, ஒற்றைச் சக்கரம், இரட்டைச் சக்கரம் வைத்துத் தள்ளும் களைக்கருவி எல்லாம் பல்கலைக்கழகத்தின் கருவிப் பட்டியலில் பல வருடமாக இருக்கின்றன. படம் பார்த்திருக்கிறோம், கடையில் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் பழைய சைக்கிளின் முன்சக்கரத்தையும் ஃபோர்க்கையும் அறுத்து, பின்னால் கத்தியை வெல்டிங் வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தட்டையான மேட்டுப்பாத்தியில் அது அருமையாகப் போகும். லேத் பட்டறையில் ஒரு நாளில் செய்துவிடுவார்கள், சில ஆயிரத்துக்குள் முடியும். ஆனால் பதிவு பெற்ற நிறுவனம், பரிசோதனைச் சான்று என்று போகும் மானிய வழியில் அந்தப் பட்டறைக்காரர் எப்படி நுழைவார்? அளவோடு வரைபடம் போட்டு, எந்த இரும்பு, கத்தியின் சாய்வு எவ்வளவு, பிடியை எந்த உயரத்துக்கு ஏற்றி இறக்க வேண்டும் என்று தமிழில் இரண்டு பக்கம் அச்சடித்து வட்டாரத்துப் பட்டறைகளுக்குக் கொடுங்கள். அந்த அளவுப்படி செய்த கருவியைத் துறைப் பொறியாளர் ஒருவர் பார்த்து முத்திரை வைத்தால் மானியத்துக்குப் போதும் என்று ஒரு விதி கொண்டுவாருங்கள். பிளேடு தேய்ந்தால் அதே பட்டறையில் மாற்றிக்கொள்வோம், உதிரி பாகத்துக்குக் கோவைக்குப் போய் அலைய வேண்டியதில்லை.

பவர் வீடர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தக்காளி, கத்தரி, மிளகாய் போல இரண்டடி, மூன்றடி வரிசை உள்ள பயிரில் முதல் ஒரு மாதம் அது நல்ல துணை. கிளை பரவி வரிசை மூடும் வரை இரண்டு ஓட்டு ஓட்டினால் பாதிக் கூலி மிச்சம். ஆனால் எந்த இயந்திரத்தை எடுப்பது என்று முடிவு செய்ய எங்களுக்குக் கிடைப்பது விலைப்பட்டியலும் விற்பனையாளரின் பேச்சும்தான். வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியவை வேறு. பிளேடைக் கழற்றி அகலத்தைக் குறைத்தால் குறைந்தபட்சம் எவ்வளவுக்கு வரும்? இரண்டடி வரிசைக்கு இரண்டடி அகல ரோட்டர், அதாவது சுழலும் பிளேடுத் தொகுதி, ஆகாது, இரு பக்கமும் வேருக்கு இடம் விட வேண்டும். எடை எவ்வளவு? நூறு கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும் டீசல் இயந்திரத்தை இருபது செண்ட் துண்டில் ஒவ்வொரு வரிசை முடிவிலும் திருப்பத் தலைமாட்டில் ஐந்தாறு அடி சும்மா விட வேண்டும். சின்னத் துண்டில் அந்த ஐந்தடி இரண்டு வரிசைத் தக்காளி. கயிறு இழுத்துக் கிளப்ப எவ்வளவு பலம் வேண்டும்? பிடி யாருடைய உயரத்துக்கு? ஐந்தடிப் பெண் ஒருவர் கையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்து ஓட்டும்படி இருந்தால், பெண்கள் பெயரில் மானியம் வாங்கினாலும் ஓட்டுவது வேறு யாரோதான்.

கையை எடுத்தால் ரோட்டர் உடனே நிற்குமா, ரிவர்ஸ் போடும்போது பிளேடு சுற்றுமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பின்னால் வரும்போது வரப்பில் கால் தடுக்கி விழுந்தால் பிளேடு வருவது காலின் மேல்தான். மூடி கழற்றி வைத்த இயந்திரங்கள் ஊரில் ஓடுவதைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

இந்தக் கேள்விகளில் பலவற்றுக்கு விடை ஏற்கெனவே எழுதித்தான் இருக்கிறது. மத்தியப் பிரதேசம் புத்னி, ஹரியாணா ஹிசார், ஆந்திரத்தின் அனந்தபூர் பக்கம் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலையங்கள் எடை, அகலம், எரிபொருள், சத்தம், பிடியில் உணரும் அதிர்வு வரை அளந்து அறிக்கை தருகின்றன. அந்த அறிக்கை ஆங்கிலத்தில் பல பக்கம். அதிலிருந்து பத்து வரியைத் தமிழில் எடுத்து, உழவன் செயலியில் ஒவ்வொரு இயந்திரத்தின் படத்துக்குக் கீழே போட்டால் போதும். எந்தப் பயிருக்கு, எந்த வரிசைக்கு, எந்த மண்ணுக்கு என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. எங்கள் செம்மண் சரளையில் பிளேடு தேயும் வேகமும் கரிசலில் தேயும் வேகமும் ஒன்றில்லை.

இரண்டு துறைகளும் சேர்ந்து உட்கார வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம். அது வந்ததிலிருந்து வாய்க்கால் பாசனத்தில் காடு முழுக்க முளைத்த களை இப்போது லேட்டரல் என்னும் சொட்டுக் குழாயின் இரு பக்கமும் ஈரம் படும் பட்டையில் மட்டும் முளைக்கிறது. பெரிய நன்மை. ஆனால் அந்தப் பட்டையில்தான் செடியும் இருக்கிறது, லேட்டரலும் கிடக்கிறது. இன்னொரு துறை மானியத்தில் கொடுத்த பவர் வீடர் அதன் மேல் போனால் 16 எம்எம் குழாய் பிளேடில் சுற்றிக்கொண்டு வரும். ஒவ்வொரு முறையும் லேட்டரலைச் சுருட்டி வைத்து, ஓட்டி, மறுபடி விரிப்பதற்கே அரை நாள் போகும். சொட்டுநீர் வடிவமைப்புக்கு அளக்க வருகிறவர் அன்றைக்கே விவசாயியிடம் ‘களைக்கு எதை ஓட்டப் போகிறீர்கள்’ என்று கேட்டால் இந்தச் சிக்கலே வராது. பாத்தியை நாலடி அகலத்துக்குத் தட்டையாக எடுத்து, நடுவில் லேட்டரல் போட்டு, வெங்காயத்தை 15 செ.மீ. வரிசையில் கயிறு கட்டி ஊன்றினால், தள்ளும் களைக்கருவியின் நான்கு அங்குலக் கத்தி வரிசைக்கு நடுவே ஓடும். வரிசைக்குள் மட்டும் கை வேலை மிஞ்சும். கருவியும் பாத்தியும் குழாயும் ஒரே நாளில் முடிவாக வேண்டும் என்பது என் அனுபவத்தில் மிக முக்கியமானது. பயிருக்கு ஓர் இடைவெளி என்று வைத்தால் பயிருக்கு ஒரு கருவி தேவைப்படும். பண்ணை முழுவதையும் இரண்டே இடைவெளிக்குள் கொண்டுவந்தால் இரண்டு கருவியில் வண்டி ஓடும்.

கோரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் இயந்திரமே களையைப் பெருக்குகிறது. கோரையைப் பிடுங்கினால் மேலே உள்ளது வரும், கீழே கறுப்பு மணி மாதிரிக் கிழங்குகள் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்துக் கிடக்கும். சங்கிலி முழுதாக இருக்கும்வரை நுனிக் கிழங்கு முளைக்கும், மற்றவை பெரும்பாலும் தூங்கும். டிராக்டரில் மாட்டிச் சுழலும் பிளேடால் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் அந்தச் சங்கிலியை நறுக்குகிறது. நறுக்கிய ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியாக முளைக்கிறது. ஈரக்காட்டில் ரொட்டவேட்டர் ஓட்டிவிட்டு இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பச்சைப் பாய் விரித்த மாதிரி இருக்கும். மண்ணை மூடும் மல்ச்சிங் ஷீட் போட்டாலும் ஊசி முனையால் அதைக் குத்திக்கொண்டு மேலே வரும் களை இது ஒன்றுதான் என்று சொல்லலாம். கோரைக் காட்டுக்கு வேண்டியது கோடையில் சட்டிக் கலப்பையோ கொத்துக் கலப்பையோ போட்டுக் கிழங்கைப் புரட்டி மேலே கொண்டுவந்து, சித்திரை வெயிலில் காயப்போடுவது. ஈரம் வற்றிய கிழங்கு செத்துவிடும். ஒரு கோடையில் முடியாது, விடாமல் செய்ய வேண்டும்.

அதனால் பண்ணை இயந்திரங்களை வாடகைக்கு விடும் உங்கள் மையங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு காட்டில் ஓடிய ரொட்டவேட்டரும் கலப்பையும் அடுத்த காட்டுக்கு மண் ஒட்டியபடியே வருகின்றன. அந்த மண்ணில் கோரைக் கிழங்கும் அருகம்புல் வேரும் இருக்கின்றன. இயந்திரத்தைக் கழுவி அனுப்புவதை வாடகை விதியிலேயே எழுதுங்கள். ஒரு குழாயும் ஒரு மோட்டாரும் போதும். தலைமுறையாகக் கோரை இல்லாத காட்டுக்குள் ஒரு நாள் வாடகை இயந்திரத்தோடு கோரை வந்தால், அதை வெளியேற்ற எங்கள் ஆயுசு போதாது.

களைக்கொல்லிக்கு வருகிறேன். ஆள் கிடைக்காத ஊரில் மருந்தை யாரும் முழுதாக ஒதுக்கிவிட முடியாது, நானும் அதை வற்புறுத்த மாட்டேன். ஆனால் பல ஊர்களில் களைக்கொல்லிக்கு ஆலோசனை சொல்பவர் கடைக்காரர் ஒருவர்தான். வெங்காயம் ஊன்றிய மூன்று நாளைக்குள் ஈர மண்ணில் தெளிக்கும் பெண்டிமெத்தலின் விதையிலிருந்து முளைக்கும் களையைத் தடுக்கும், கிழங்கிலிருந்து வரும் கோரையைத் தடுக்காது. புல்லுக்கென்று வரும் குயிசலோஃபாப்பும் கோரைக்குக் கேட்காது, ஏனென்றால் பார்வைக்குப் புல் போல இருந்தாலும் அது புல் இனமே இல்லை. தண்டை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்த்தால் மூன்று பட்டை தட்டும். இந்த ஒரு சோதனையை எல்லாக் கிராமக் கூட்டத்திலும் செய்து காட்டினால் வீணாகப் போகும் மருந்துச் செலவு எவ்வளவோ குறையும். கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது. அதற்கு முன்பும் அதற்கு அனுமதி தேயிலைக்கும் பயிரில்லா நிலத்துக்கும்தான். காய்கறிக்கு இல்லை. இது எத்தனை காய்கறி விவசாயிக்குத் தெரியும்?

தெளிப்பானும் ஒரு கருவிதான், அதையும் உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டும். எங்கள் பக்கம் மக்காச்சோளம் அதிகம். அதற்கு 2,4-டி என்னும் களைக்கொல்லி அடித்த டேங்கை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு, இரவல் வாங்கித் தக்காளிக்குப் பூச்சி மருந்து அடித்தால் ஒரு வாரத்தில் தெரியும். கொழுந்து இலை நூலாகச் சுருங்கும், காம்பு முறுக்கும், நுனி கீழே வளையும். பார்க்கிறவர் வைரஸ் நோய் என்று நினைத்து இன்னும் இரண்டு மருந்து அடிப்பார். தக்காளிக்கு 2,4-டி மிச்ச சொச்சமே விஷம், பக்கத்துக் காட்டிலிருந்து காற்றில் வந்தாலும் போதும். களைக்கொல்லிக்கென்று தனி டேங்க், தனி நாசில், அதற்கு ஒரு சிவப்பு வண்ணம். மானியத்தில் தெளிப்பான் கொடுக்கும்போதே இதைச் செய்துவிடலாம். முந்தைய மக்காச்சோளத்துக்கு அடித்த அட்ரசின் என்னும் களைக்கொல்லி அடுத்த காய்கறி நாற்றைக் கருக்குவதும் இப்படித்தான். நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கும்போது போன போகத்துக்கு என்ன அடித்தார்கள் என்று கேட்கும் பழக்கம் வர வேண்டும், அதை நீங்கள்தான் பயிற்சிகளில் சொல்லித்தர வேண்டும்.

செலவே இல்லாத ஒரு முறையும் இருக்கிறது. அதற்கு மானியமும் தேவையில்லை, அதனால்தானோ என்னவோ யாரும் வந்து காட்டுவதில்லை. பாத்தியை எடுத்து எல்லாம் தயாரானதும் நடாமல், ஒரு தண்ணீர் மட்டும் விட்டுப் பத்துப் பன்னிரண்டு நாள் காத்திருக்க வேண்டும். மேல் மண்ணில் உள்ள சாரணை, பருப்புக்கீரை, பார்த்தீனியம் எல்லாம் ஒன்றாக முளைத்து வரும். வேர் வெள்ளை நூலாக இருக்கும் அந்தப் பருவத்தில், நல்ல வெயில் அடிக்கும் காலையில், கத்தியை மண்ணுக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் இறக்காமல் சுரண்டிவிட வேண்டும். ஆழமாகக் கிளறினால் அடியில் உறங்கும் விதை மேலே வந்து கதை முதலிலிருந்து ஆரம்பிக்கும். சுரண்டியது மத்தியானத்துக்குள் வாடிச் செத்துவிடும். மழை மூட்டத்தில் செய்தால் பருப்புக்கீரை கிடந்த இடத்திலேயே வேர் விட்டுக்கொள்ளும். அதன் பிறகு மண்ணை அதிகம் புரட்டாமல் நட்டால் முதல் களையெடுப்பு பாதியாகக் குறைகிறது. இதற்குப் பத்து நாள் பொறுமையும் ஒரு தண்ணீரும் வேண்டும். கிணறு வற்றும் மாசி, பங்குனியில் அந்த ஒரு தண்ணீர் பெரிய விஷயம் என்பதால், ஆடிப்பட்டத்திலும் புரட்டாசிப் பட்டத்திலும் இதைச் செய்துகாட்டுவது பொருத்தம்.

செயல்விளக்கம் என்று சொன்னதும் நினைவுக்கு வருகிறது. நான் போன செயல்விளக்கங்கள் பயிர் இல்லாத வெற்று நிலத்தில்தான் நடந்தன. உழுது மெத்தை போலக் கிடக்கும் மண்ணில் எந்த இயந்திரமும் அழகாகப் போகும். இருபது நாள் வெங்காயத்தில், முப்பது நாள் தக்காளியில், லேட்டரல் கிடக்கும் பாத்தியில் ஓட்டிக் காட்டுங்கள். எத்தனை செடி அடிபட்டது, வரிசைக்குள் எவ்வளவு களை மிஞ்சியது, பத்துச் செண்ட் முடிய எத்தனை நிமிடம், எவ்வளவு பெட்ரோல் என்று அங்கேயே எழுதி எல்லோருக்கும் வாசியுங்கள். பக்கத்துப் பாத்தியில் தள்ளும் களைக்கருவியை ஒரு பெண் ஓட்டட்டும், அதையும் அளந்து வாசியுங்கள். விவசாயி தனக்கு எது சரி என்று தானே முடிவு செய்துகொள்வார்.

பெண்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் இந்த மடலை முடிக்க எனக்கு மனம் வராது. களைக்கு இயந்திரம் வந்ததும் அந்த வேலை ஆணுக்குப் போகிறது, கூலியும் அவனுக்குப் போகிறது. இத்தனை வருடம் முட்டி தேயக் களை வெட்டிய அக்காமார்களுக்கு மிஞ்சுவது இயந்திரம் நுழையாத மூலை. சங்கடமான வேலை குறைந்தால் அவர்களுக்கு நல்லதுதான், வருமானமும் சேர்ந்து போனால் அது நல்லது இல்லை. களை எது, பயிர் எது, எந்தக் களை எந்த ஈரத்தில் வரும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. வெட்டும்போதே பண்ணைக்கீரையையும் தொய்யக்கீரையையும் தனியாக ஆய்ந்து முந்தானையில் முடிந்துகொள்வார்கள், இராத்திரிக் குழம்புக்கு ஆகும். மருந்தடித்த காட்டில் அந்தக் கீரையும் போச்சு. தள்ளும் களைக்கருவிகளையும், எடை குறைந்த ஒன்றிரண்டு சின்னப் பவர் வீடர்களையும் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவிடம் கொடுத்து, ஓட்டவும் பிளேடு மாற்றவும் பழக்கி, செண்ட் கணக்கில் களையெடுப்பை அவர்களே ஒப்பந்தமாக எடுக்கும்படி செய்யுங்கள். கருவியும் ஊரிலேயே இருக்கும், ஆளும் இருக்கும், நாள் தவறாது.

வட்டாரத் தலைநகரில் இருக்கும் வாடகை மையத்திலிருந்து ஒரு சின்னக் களைக்கருவியை எடுத்துவர ஆட்டோ வாடகையே அதன் நாள் வாடகையைத் தாண்டிவிடும். எனவே சின்னக் கருவிகள் ஊராட்சி அளவில் இருக்க வேண்டும். வாங்க நினைக்கிறவர் ஒரு வாரம் தன் காட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் பணம் கட்டட்டும், இல்லையென்றால் திருப்பித் தரட்டும். வாங்கி ஒரே பருவம் ஓட்டிவிட்டு மாட்டுக் கொட்டகை ஓரம் சாக்குப் போட்டு மூடி வைத்த பவர் வீடர்களை ஊருக்கு ஊர் பார்க்கிறேன். அதில் பாதிப் பணம் அரசுடையது, மீதி அந்தக் குடும்பத்தின் நகைக்கடன்.

ஆடிப்பட்ட வெங்காயத்துக்கு ஆனி கடைசியிலேயே பார் பிடிக்க ஆரம்பிப்போம். அதற்கு முன்னால் எங்கள் வட்டாரத்துக்கு ஒரு பொறியாளரையும் ஒரு தோட்டக்கலை அலுவலரையும் சேர்ந்து அனுப்புங்கள். செயல்விளக்கத்துக்குப் பயிரோடு பத்துச் செண்ட் பாத்தியும், அதற்கு வேண்டிய தண்ணீரும் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒட்டன்சத்திரம் வட்டாரத்துக் காய்கறி விவசாயி ஒருவர்